ஓரம் விளைந்த பாத்தி

வடலிக்கரை உப்பளத்தின் தெற்குக் கடைசிப் பாத்தியில் உப்போடு சேர்ந்து காட்சிகளும் விளையத் தொடங்கியபோது, எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது இதனால் உப்பின் எடை கூடுமா குறையுமா என்பதைத்தான். எடையில் மாற்றமில்லை என்று கங்காணி தவசிமுத்து நிறுத்துப் பார்த்துச் சொன்ன பிறகு, சரி, அப்படியானால் என்னதான் தெரிகிறது பார்ப்போம் என்று பெண்கள் உப்பு வாரும் பலகையை வரப்பில் போட்டுவிட்டு ஆளுக்கொரு கல்லை எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்கள். நெல்லிக்காய் அளவிருந்த ஒரு கல்லில் பாதிப் புளியமரம் தெரிந்தது. இன்னொன்றில் பள்ளிக்கூடத்து மதில், அதன் மேல் காயப்போட்டிருந்த யாருடைய சட்டையோ. மற்றொன்றில் ரோட்டோரம் ஒரு வெள்ளாடு நின்று, கல்லுக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எதையோ மென்றுகொண்டிருந்தது. யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. எங்கள் அளத்தில் வெயில் அப்படி அடிக்கும், அந்த வெள்ளையில் மனிதர்கள் எதையெதையோ பார்த்துப் பழகியவர்கள்.

செல்போனில் படம் பிடித்தால் வெறும் வெள்ளையாக வந்தது, அதனால் நேரில் பார்க்கக் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் வரப்பில் சுண்டல்காரர் வந்தார், சுண்டல்காரர் வந்ததால் நிழலுக்கு ஒரு பந்தல் வந்தது, பந்தலுக்குக் கீழே நின்றால் வெயில் இல்லாமல் கல்லில் ஒன்றும் தெரியவில்லை என்று பந்தலைப் பிரித்தார்கள். தொலைந்த ஆட்டைத் தேடி ஒருவர் வந்தார், தொலைந்த சைக்கிளைத் தேடி ஸ்டேஷனிலிருந்து ஏட்டையாவே வந்து கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து கல் கல்லாகப் புரட்டினார். கல்லைத் தண்ணீரில் போட்டால் உப்பு கரைவதுபோல் காட்சியும் கரைந்து போகும் என்பதும், போனால் போனதுதான் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டதால், தனக்கு வேண்டாத கல் எங்கே கிடைத்தாலும் வாயில் போட்டுக் கொள்கிறவர்களும் உண்டானார்கள். இப்படித்தான் எங்கள் ஊரில் பலருக்கு ரத்தக்கொதிப்பு கூடியது.

வேண்டாத கல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காட்சிகள் அத்தனையும் ஓரத்துக் காட்சிகள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மனிதர்கள் ரோட்டோரத்தில் என்னென்ன செய்வார்களோ அதெல்லாம் அதில் இருந்தது. குலசை தசராவுக்கு மாலை போட்டு, காளி வேஷம் கட்டி, தெருத்தெருவாக விரதத்தின் மகிமை பேசிய சுடலைமணி, பைபாஸ் ரோட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தது ஒரு கல்லில் வந்தது. அது நான் இல்லை, எனக்குப் பின்னால் இருக்கிறவன் என்றார் சுடலைமணி. பின்னால் யாருமே இல்லையே என்றாள் அவர் மனைவி பேச்சித்தாய். அந்தக் கல்லை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, புருஷன் சத்தம் போடும்போதெல்லாம் முடிச்சை மட்டும் தடவிக் காட்டுவாள், அவரும் அடங்கிப் போவார். பஞ்சாயத்தில் அறிவிப்புப் பலகை எத்தனை வைத்தும் திருந்தாத ஆண்கள், ரோட்டோரம் ஒதுங்கக் கூசி வீடு வரைக்கும் அடக்கிக்கொண்டு நடந்தார்கள். எல்லோரும் ரோட்டின் நடுவிலேயே நடந்தார்கள், ஓரம் என்றாலே ஒரு நடுக்கம். தன்னுடைய எந்த நேரம் எந்தக் கல்லில் உறைந்து கிடக்கிறதோ என்ற நினைப்பில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை, இருந்தும் விடிந்ததும் பாத்திக்கு ஓடிவந்து பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இத்தனை பேர் இத்தனை கல்லைப் புரட்டியதில் சேர்மக்கனி ஒருத்திதான் வேறொன்றைக் கவனித்தாள். அவள் தெற்குப் பாத்தியில் உப்பு வாருகிறவள், புருஷன் இல்லாதவள், தம்பி லிங்கத்துரையின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருப்பவள். ஒவ்வொரு காட்சியும் வலதுபக்கம் மங்கி மங்கி அறுந்து நிற்கிறது, எதிலும் நடு இல்லை, எல்லாமே இடப்பக்கத்து ஓரம் என்று அவள் கண்டாள். அப்படி ஓரத்தை மட்டும் தொலைத்த ஒரு மனிதரோடு அவள் வாழ்ந்திருக்கிறாள். அவளைப் பெற்ற அய்யா கடைசி வரைக்கும் பேப்பரைப் பொடி எழுத்து விடாமல் வாசிப்பார், வாசித்து முடித்து எழுந்தால் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வார், பக்கத்தில் வந்து நிற்கிறவர்களுக்கு முகம் கொடுக்க மாட்டார். ஊரில் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள், அவரோ வீடு வரவரச் சின்னதாகிறது என்று புலம்புவார். சின்னதாகிச் சின்னதாகி ஒருநாள் வரப்பும் சின்னதாகி, அவர் வாய்க்காலில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அய்யாவுக்குத் தெரியாமல் போனதெல்லாம் எங்கே போனது என்று அவள் அப்போது யோசித்ததில்லை. இப்போது ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எல்லாரும் என்ன தெரியுது, என்ன தெரியுதுன்னே கேக்கியோ. இதெல்லாம் யாருக்குத் தெரியாமப் போச்சுன்னு ஒருத்தராவது கேட்டியளா?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"ஏளா சேர்மக்கனி, உப்பு வெளஞ்சா வாரு. கேள்வி வெளஞ்சா வீட்ல போயி வச்சிக்க," என்றார் கங்காணி.

அவள் வாரவில்லை. பலகையைப் பிடித்தபடியே கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஆட்டின் முதுகு தெரிகிறது, சைக்கிளில் போகிறவனின் உச்சந்தலை தெரிகிறது, மதிலுக்கு உள்பக்கம்கூடக் கொஞ்சம் தெரிகிறது. நடந்து போகிறவன் கண்ணுக்கு இப்படித் தெரியாது, உயரத்தில் உட்கார்ந்து போகிறவன் கண் இது. அப்புறம் அந்தக் கல் கிடைத்தது. அதில் ஒரு வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது, கண்ணாடியின் கம்பியில் பச்சைச் சேலைக்கரை ஒன்று காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. போன ஆயுதபூஜைக்கு வேனைக் கழுவிச் சந்தனம் வைத்தபோது, மாலை கட்ட நூல் இல்லாமல் தன்னுடைய பழைய சேலையின் கரையை அவளே கிழித்துக் கட்டினது அது.

லிங்கத்துரை அந்த வேனைத்தான் ஓட்டினான். விடிகாலையில் ஊர்ப் பெண்களையெல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு அளத்துக்கு வருவான், பகலில் உப்பு மூட்டைகளை ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோவான், மாலையில் பெண்களைத் திரும்ப ஊரில் இறக்குவான், நடுவில் வாய்க்காலில் இறங்கி முகத்தை அடித்து அடித்துக் கழுவுவான். அந்த வாய்க்கால்தான் தெற்குப் பாத்திக்குப் பாய்ந்தது. இதைப் பெரிய கண்டுபிடிப்பாக யாரும் பிற்பாடு சொல்லிக்கொள்ளவில்லை, தண்ணீர் எங்கே போகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று அவள் தம்பியை டீக்கடையில் போய்ப் பிடித்தாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் கேட்டிருக்க வேண்டாம்தான், ஆனால் அவளால் வீடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

"ஏல லிங்கம், ஒனக்கு இடப்பக்கம் தெரியுதால?"

"என்னக்கா கேக்க? தெரியாம எப்படி வண்டி ஓட்டுதேன்?"

"அய்யாவுக்கு வந்தது ஒனக்கும் வந்திருக்குல. அந்த உப்புல உள்ளதெல்லாம் ஒன் கண்ணுல இருந்து போனது. ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா."

கடையில் சிரிப்பு எழுந்தது. லிங்கத்துரைக்கு முகம் சிவந்துவிட்டது. பெஞ்சில் கிடந்த பேப்பரை உதறி விரித்து, கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, மணமகள் தேவை விளம்பரத்திலிருந்து ஒரு பொடி எழுத்தும் தவறாமல் கடகடவென்று வாசித்தான். வாசித்து முடித்ததும் கடைக்காரர் கையே தட்டிவிட்டார். எங்கள் ஊரில் கண் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் அத்தாட்சி கிடையாது. பேப்பர் வாசித்தால் கண் இருக்கிறது, ஊசியில் நூல் கோத்தால் கண் இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. அய்யாவுக்கும் இதே அத்தாட்சியைத்தான் கொடுத்தார்கள்.

"எக்கா, இந்த வண்டிதான் எனக்குச் சோறு. இப்படி ஊர் முன்னால பேசி அதுல மண்ணப் போட்டுறாத," என்று அவன் மெதுவாகச் சொன்னான். அவன் சொன்ன விதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அதனால் அவள் கலக்கம் இன்னும் கூடிப்போனது.

மறுநாளிலிருந்து சேர்மக்கனி பின்னால் ஏறவில்லை, முன்னால் ஏறித் தம்பிக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்ததோடு விட்டாளா என்றால் இல்லை, வாய் மூடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆடுல, ஆடு. சைக்கிள் வருது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ நிக்காவ, மெதுவாப் போ. கல்லு கெடக்கு. கெழவர் ஒருத்தர் கம்ப ஊணிட்டு வாராரு, ஒதுங்கு, ஒதுங்கு. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான், பின்னால் நின்ற பெண்கள் நமக்கு ரன்னிங் கமென்ட்ரி கிடைத்துவிட்டது என்று கும்மாளமடித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் வருகிற எதையும் தம்பி திரும்பிப் பார்க்காததையும், அவள் சொன்ன பிறகே அவன் கை ஸ்டியரிங்கைத் திருப்புவதையும் கண்டுகொண்டே வந்தாள். பின்னால் இத்தனை உயிர் நின்று சிரிக்கிறது. மாலையில் வேன் தெருவுக்குள் நுழைந்ததும், அவன் மகள் சுபிக்ஷா அப்பா என்று கூவிக்கொண்டு இடப்பக்கச் சக்கரத்தை ஒட்டி ஓடிவருவாள், நின்ற வண்டிக்கும் நிற்காத வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத வயது. அந்த நேரம் சேர்மக்கனிக்கு உயிரே இருக்காது.

அவளால் தினமும் முன்னால் உட்கார்ந்து ஊரைக் காப்பாற்ற முடியுமா? ஒரு கல்லை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்துப் பொதிந்துகொண்டு, லீவு சொல்லாமல் டவுன் பஸ் ஏறினாள்.

டவுனில் மருந்துக்கடை மாடியில் ஒரு கண் பரிசோதனை மையம் உண்டு. அங்கே கண் சோதிக்கிற ஜெபசீலி என்ற பெண் இருந்தாள். சேர்மக்கனி டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டியதும் அவள் ஜன்னலோரம் போய்க் கல்லைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திரும்பிக் கொண்டுவந்து பஞ்சின் மேலேயே வைத்தாள்.

"உப்புல கொண்டு வர்றது நீங்கதான் மொத ஆளு. போன மாசம் ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமப் போறதெல்லாம் தனக்குக் கனவுல வருதுன்னு வந்து அழுதாங்க," என்றாள். "இது யாரோட கண்ணு?"

சேர்மக்கனி தம்பியைச் சொன்னாள், அய்யாவைச் சொன்னாள், டீக்கடைப் பேப்பரைச் சொன்னாள்.

"பேப்பர் வாசிப்பாங்கம்மா. நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும், அதான் இந்த நோயோட கெட்ட குணம். வலிக்காது, உறுத்தாது, ஒண்ணும் காட்டிக்காது. கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். வடியிற மடை சரியில்லன்னா உள்ள அழுத்தம் ஏறும். அது மூளைக்குப் போற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிரும். அநேகமா ஓரத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். கண் நீர் அழுத்த நோய்னு சொல்லுவோம், டாக்டருங்க க்ளாக்கோமாம்பாங்க."

"போனது திரும்பி வருமா?"

"வராதும்மா."

அவள் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சேர்மக்கனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் இத்தனை நாளில் ஒரு ஆள் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்வதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து இருக்கு, தினமும் விடாம ஆயுசுக்கும் விடணும். சிலருக்கு லேசர், சிலருக்கு ஆபரேஷன், அது பெரிய டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க. ஆனா நாள் கடத்துனா இருக்கிறதும் கையவிட்டுப் போயிரும். அவரு வண்டிய விட்டு எறங்கணும், அதுவும் ஒடனே." பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "நீங்க உக்காருங்க."

"எனக்கு எதுக்கு? எனக்கு நல்லாத் தெரியுது."

"உங்க தம்பியும் அதைத்தான சொல்லுதாரு. அப்பாவுக்கு இருந்திருந்தா பிள்ளைங்க எல்லாரும் பாக்கணும்."

மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொன்னாள், கண்ணில் பட்டென்று ஒரு காற்று அடித்தது, சேர்மக்கனி ஸ்டூலோடு பின்னால் போனாள். அவளுக்கு அழுத்தம் சரியாக இருந்தது, ஆனாலும் பெரிய டாக்டரிடம் நரம்பையும் ஒருதரம் காட்டிவிட்டு வருஷம் தவறாமல் வந்து பார்க்க வேண்டும் என்றாள் ஜெபசீலி. மையத்துப் போன் நம்பரைச் சேர்மக்கனியின் போனிலேயே பதிந்து கொடுத்து, பார்வை குறைந்தவர்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடிப் பேசுவார்கள், அதற்கும் தம்பியைக் கூட்டி வாருங்கள் என்றாள். கிளம்பும்போது படியில் நின்று இன்னொன்றும் சொன்னாள், கண்ணில் கண்டதை ஊற்றாதீர்கள், தேன், தாய்ப்பால், வெங்காயச் சாறு, இலைச்சாறு ஒன்றும் கூடாது என்று. உப்புத் தண்ணீரை அவள் சொல்லவில்லை, அவள் உப்பளத்து ஊர்க்காரி இல்லை.

கேட்டு வந்ததையெல்லாம் சேர்மக்கனி தம்பி பெண்டாட்டி சந்தனமாரியிடம் ஒரு சொல் விடாமல் சொன்னாள். சந்தனமாரி மறுத்துப் பேசவில்லை. மைனி, இப்பல்லாம் சாப்பாட்டுத் தட்டுல இடப்பக்கம் வச்ச கூட்டு அப்படியே கெடக்கு, பிடிக்கலையோன்னு நெனச்சேன் என்று மட்டும் சொல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பேச்சு தெருவுக்குப் போனது, தெருவிலிருந்து அளத்துக்குப் போனது, அங்கே பலகையும் கையுமாக ஊரே கூடி யோசித்தது. எங்கள் ஊரில் பல்வலிக்கு உப்பு, கால்வெடிப்புக்கு உப்பு, திருஷ்டிக்கு உப்பு, புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக்கூட வாசலில் உப்பு. கண்ணிலிருந்து போய் உப்பில் உட்கார்ந்திருப்பதை மறுபடி கரைத்துக் கண்ணிலேயே விட்டால் வந்துவிடாதா என்று யாரோ ஆரம்பித்தார்கள், எல்லோருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. டவுன்காரி சொன்ன பட்டியலில் உப்பு இல்லை என்பதையும் எடுத்துக்காட்டினார்கள்.

சந்தனமாரி சேர்மக்கனியிடம் சொல்லாமல் செய்தாள். நல்ல நல்ல காட்சியாகப் பொறுக்கி, மரமும் மதிலும் பறவையும் உள்ளதாகப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, சும்மா குளிர்ச்சிக்கு என்று பொய் சொல்லி, படுத்திருந்த புருஷனின் கண்களில் ஊற்றினாள். அவன் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. கண் இரண்டும் வீங்கிச் செக்கச்செவேலென்று ஆகி, இமை பிரிக்க முடியாமல் போனது. சேர்மக்கனி ஓடிவந்து அந்த நம்பருக்குப் போன் போட்டாள். சுத்தமான தண்ணியை விட்டுக் கழுவிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க என்று ஜெபசீலி போனிலேயே இருந்து சொல்லச் சொல்ல, குடம் குடமாகக் கழுவினார்கள். வீக்கம் வடிந்தது. மரமும் மதிலும் பறவையும் சாக்கடையோடு போயின, ஓரம் மட்டும் திரும்பி வரவில்லை.

சந்தனமாரி மூலையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். கண் ஆறும் வரை வண்டி எடுக்கக் கூடாது என்று லிங்கத்துரை வீட்டிலேயே கிடந்தான், ஆறியதும் எடுத்துவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும், சாவியைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தான். அவனை அதற்குள் எப்படி இறக்குவது என்ற ஒரே நினைப்பில் சேர்மக்கனி பாத்தியில் குனிந்தவள் நிமிரவில்லை. அப்படிக் குனிந்து வாரும்போதுதான் அவள் பலகையில் அந்தப் பெரிய கல் வந்து தட்டியது. அதை எடுத்துப் பார்த்தவள் பலகையைப் போட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கல்லை அவன் முகத்துக்கு நேராக, வெயில் படும்படி நீட்டினாள்.

"இதப் பாரு."

"பாத்தாச்சிக்கா. ஊரே பாக்குததுதான."

"என்ன தெரியுது, சொல்லு."

"என்ன, புளியமரம். ரோடு."

சேர்மக்கனி அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியில் கையை விட்டு, கடையில் வாங்கின வெறும் கல்லுப்பு ஒன்றை எடுத்து வந்து அதே மாதிரி நீட்டினாள்.

"இதுல?"

"இதுலயும் ரோடுதான். ஓரத்துல ஒரு ஆடு."

சந்தனமாரி மூலையிலிருந்து எழுந்துவிட்டாள். அவளும் அந்தக் கல்லைப் பார்த்தாள், அது குழம்பில் போடுகிற கல். பேச்சு நின்றதிலிருந்தே லிங்கத்துரைக்கு விஷயம் விளங்கிவிட்டது, விளங்கியதும் அவன் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"எனக்கு எல்லாமே வெறும் உப்பாத்தான்க்கா தெரியுது," என்றான். "மொத நாள்ல இருந்தே. எல்லாரும் மரம்னாவ, மதில்னாவ, சிரிச்சாவ. எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. நானும் தெரியுதுன்னேன். கேலி பண்ணுவாவன்னு பயந்தேன், பொறவு அதுக்கும் மேல பயந்தேன்."

ஊரெல்லாம் பார்த்த காட்சிகளை அவன் ஒருவனால்தான் பார்க்க முடியவில்லை. அவனுடைய கண் கைவிட்டதுதானே அது, கல்லுக்குள் வைத்துக் காட்டினால் மட்டும் எப்படித் தெரியும்? இதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெரிய கல்லை அக்காவின் கையிலிருந்து தானே வாங்கி, விரலால் தடவிக்கொண்டே கேட்டான்.

"இதுல நெசமா என்ன இருக்கு?"

"ஒன் மவ இருக்கா," என்றாள் சேர்மக்கனி. "இடப்பக்கச் சக்கரம் இருக்கு, சக்கரம் உருளுது. அத ஒட்டி ஓடியாறா. ரிப்பன் ஒண்ணு அவுந்து தொங்குது. ஒரு கைய வண்டி மேல வச்சிருக்கா, ஒன்னப் பாத்து என்னமோ சொல்லிச் சிரிக்கா. நீ அவளப் பாக்கவே இல்லல."

லிங்கத்துரை அந்தக் கல்லை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதான். எத்தனை மாலை அவள் அப்படி ஓடிவந்தாள், எத்தனை முறை மயிரிழையில் தப்பினாள் என்று அவனுக்குத் தெரியாது, தெரியாது என்பதுதான் அவனைப் பிடித்து உலுக்கியது. அழுது முடித்து, தலையணையைத் தூக்கி, சாவியை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தான். எப்பக்கா போகணும் என்று கேட்டான். இப்பவே என்று அவள் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பைப் பார்த்தார்கள், ஓரத்தைச் சோதித்தார்கள். கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள், அவன் எத்தனையோ புள்ளிகளை விட்டுவிட்டான். ஜெபசீலி சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். போனது போனதுதான், மிச்சத்துக்கு மருந்து. காலையும் மாலையும் சந்தனமாரி சொட்டு விட்டாள், உப்பை ஊற்றின அதே கையால். வேனுக்கு வேறு டிரைவர் வந்தார். கங்காணி ஆயிரம் முனகிவிட்டு, லிங்கத்துரைக்கு அளத்து மோட்டார் ரூமில் வேலை கொடுத்தார், முகம் கழுவ அங்கேயும் அதே வாய்க்கால்தான். உட்கார்ந்த இடத்து வேலை அவனுக்கு ஒட்டவே இல்லை. வேன் ஹாரன் கேட்டால் எழுந்து நிற்பான், பிறகு உட்காருவான், திரும்ப எழுந்து நிற்பான். மாதக் கூட்டத்துக்கு முதலில் வரமாட்டேன் என்றான், போய்விட்டு வந்து பேசிக்கொண்டே இருந்தான். அங்கே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் படிக்கட்டு ஓரத்துக்கு மஞ்சள் டேப் ஒட்டச் சொல்லிக் கொடுத்தாராம், ஒரு பூக்காரம்மா கண்ணை மட்டும் உருட்டாதே, கழுத்தையே முழுசாகத் திருப்பிப் பார் என்று அவன் தாடையைப் பிடித்துத் திருப்பியே காட்டினாளாம்.

இதற்கு நடுவில் தெற்குப் பாத்தியில் விளைச்சல் குறைந்தது. உப்பு குறையவில்லை, காட்சி குறைந்தது. முதலில் ஆளில்லாத ரோடாக வந்தது, பிறகு இலை மட்டும், நிழல் மட்டும் வந்தது. ஊருக்குத் தாங்கவில்லை. அம்மன் கோவிலில் பொங்கல் வைத்தார்கள், வாய்க்காலைத் தூர்வாரினார்கள், சுண்டல்காரர் விலையைக் குறைத்தார். சேர்மக்கனி மட்டும் யாரிடமும் பேசாமல், ஒவ்வொரு நாளும் கூட்டம் வருவதற்கு முன்னால் வந்து, கல் கல்லாக எடுத்துப் பார்த்து, எதிலாவது ஒரு இலை தெரிந்தால் முகம் செத்துப்போய் உட்காருவாள்.

அன்று காலை பெண்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து வெயிலுக்குத் தூக்கினார்கள். ஒன்றும் இல்லை. வேறு கல்லை எடுத்தார்கள், அதிலும் இல்லை. பாத்தி முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு, வெறும் உப்பு. ஐயோ போச்சே என்று ஒரு முனகல் வரப்பு நெடுக ஓடியது. சேர்மக்கனி முழங்காலில் தவழ்ந்து, அந்தக் கோடி வரைக்கும் துழாவி, கை நிறைய அள்ளி அள்ளிச் சூரியனுக்குக் காட்டிப் பார்த்தாள். பிறகு பாத்தியின் நடுவிலேயே சட்டென்று உட்கார்ந்து ஓங்கி அழத் தொடங்கினாள்.

பேச்சித்தாய் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அழாதக்கா. இன்னைக்கு இல்லன்னா என்ன, நாளைக்கு வரும். கண்டிப்பா வரும்."

"வரக்கூடாதுட்டி!" என்று சேர்மக்கனி அவள் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். "ஒரு இலைகூட வரக்கூடாது! எந்தம்பி கண்ண விட்டு இனி ஒண்ணும் வரவே கூடாது!"

அந்தச் சத்தம் மோட்டார் ரூம் வரைக்கும் கேட்டது. லிங்கத்துரை பதறி வெளியே வந்தான். சத்தம் இடப்பக்கமிருந்து வந்தது. அவன் கழுத்தை முழுசாகத் திருப்பி, வெள்ளையில் இங்கும் அங்கும் தேடி, பாத்தி நடுவில் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான்.